போலே... போலே... கிளிமஞ்சாரோவில் மெதுவா நடக்கத்தான் இத்தனை செலவா?

கிளிமஞ்சாரோ போகலாம்னு முடிவு பண்ணி நாலு டிராவல் கம்பெனிகளுக்கு வாட்ஸ்அப்பில் விசாரிச்சுப் பாருங்க. பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். ஐந்து நாள் பேக்கேஜுக்கு ஒரு விலை, ஆறு நாளுக்கு இன்னொரு விலை, ஏழு எட்டு நாள்னா எகிறிய விலை. மலை ஒண்ணுதான், உச்சியும் ஒண்ணுதான். 'ஜிம் பாடி, அஞ்சு நாள்லயே ஏறிடலாம். மிச்சமாகிற காசுல சான்சிபார் பீச்சுக்குப் போயிடலாம்'னு உடனே மனசு கணக்கு போடும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அந்தக் கூடுதல் நாளில் என்ன நடக்கிறது என்று கிளறிப் பார்த்தபோதுதான், மொத்தப் பயணத்திலும் உருப்படியான செலவே அதுதான் என்று புரிந்தது.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். ஆப்பிரிக்காவின் உயரமான சிகரமான கிளிமஞ்சாரோ, தான்சானியாவின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது. உயரம் 5,895 மீட்டர். சுற்றியுள்ள பகுதி 1973-ல் தேசியப் பூங்கா ஆனது. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. வழக்கமான பாதைகளில் ஏற கயிறு, ஐஸ் கோடரி எதுவும் வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். ஆனால், தனியாக நடக்க முடியாது. லைசென்ஸ் உள்ள கம்பெனி மூலம் பதிவு செய்து, கைடுடன்தான் பூங்கா கேட்டைத் தாண்ட முடியும். வருடத்துக்குப் பல்லாயிரம் பேர் இப்படிப் போகிறார்கள். அதில் கணிசமான பேர் உச்சியைத் தொடாமலேயே இறங்குகிறார்கள். பலரைத் திருப்பி அனுப்புவது கால் வலி அல்ல... தலைவலி!

காத்து இருக்கு... ஆனா இல்ல!

தமிழ்நாட்டின் உயரமான இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கிளிமஞ்சாரோவில் மச்சாமே என்கிற பிரபலமான பாதையில் முதல் நாள் ராத்திரி தூங்கும் கேம்ப்பே சுமார் 2,835 மீட்டரில் இருக்கிறது. அதாவது, முதல் ராத்திரியே நம்ம ஊர் மலைகள் எல்லாம் நமக்குக் கீழே போய்விடும். எத்தனை முறை வெள்ளியங்கிரி ஏறியிருந்தாலும் காலுக்குத்தான் பயிற்சி. ரத்தத்துக்கு அல்ல.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். உச்சியில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அப்படியென்றால், ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதிதான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கா? 94-க்குக் கீழே இறங்கினாலே வீடே பதறியது. இங்கே 4,600 மீட்டரில் ஆரோக்கியமான ஆளுக்கே 80-களில் காட்டுவது சகஜம்.

உடம்பு சும்மா இருக்காது. மூச்சை வேகமாக்கும், இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, அமில-காரச் சமநிலை மாறும். அதைச் சரிசெய்ய சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும். மலையில் அடிக்கடி சிறுநீர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். (ராத்திரி ரெண்டு மணிக்கு, உறையுற குளிர்ல, டென்ட் ஜிப்பைத் திறக்கும்போது 'சிறுநீரகம் வேலை செய்யுது'ன்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்!) விஷயம் என்னவென்றால், இந்தச் சரிசெய்யும் வேலைக்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும். ஜிம்மில் எவ்வளவு வெயிட் தூக்கினாலும் இது வேகமாக நடக்காது. சொல்லப்போனால், ஃபிட்டான ஆட்கள் ஆரம்பத்தில் ஜோராக நடந்துவிட்டு, மேலே போய்ச் சிக்கிக்கொள்வதும் உண்டு.

3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓய்வு எடுங்கள் என்பதுதான் மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இதை வைத்து ஐந்து நாள் பேக்கேஜைப் பாருங்கள். மராங்கு என்ற பாதையில் முதல் ராத்திரி 2,720 மீட்டர், இரண்டாவது ராத்திரி 3,720, மூன்றாவது நாள் சாயங்காலம் 4,700-ஐத் தாண்டிய கிபோ ஹட். அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். தினமும் ஆயிரம் மீட்டர்! மூன்று நாளில் உடம்பு எதற்கென்று பழகும்?

மராங்குவில் டென்ட்டுக்குப் பதில் குடிசை மாதிரி ஹட்டுகள், படுக்க மெத்தை. அதனால் 'ஈஸி ரூட்' என்று பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பெயரை நம்ப வேண்டாம். அதே பாதையை ஆறு நாளாக எடுத்து, ஹொரோம்போவில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கினால் கதை கொஞ்சம் மாறும்.

வேர்க்கடலை கேம்ப்பின் மகிமை

மச்சாமே பாதையை ஏழு நாளில் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் மழைக்காடு. ஈரம், பாசி, சேறு, மேலே வெள்ளை வால் ஆட்டும் கோலோபஸ் குரங்குகள். இரண்டாவது நாள் மரங்கள் குட்டையாகி, புதர்க்காடு. சுமார் 3,800 மீட்டரில் ஷிரா கேம்ப்.

மூன்றாவது நாள்தான் முக்கியம். காலையில் ஷிராவில் கிளம்பி, 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற எரிமலைப் பாறை வரை ஏற்றுவார்கள். அங்கே உட்கார்ந்து மதியச் சாப்பாடு. பலருக்கும் முதல் தலைவலி அங்கேதான் வரும். சாப்பாடு இறங்காது. 'இவ்வளவு தூரம் ஏறியாச்சு, இங்கேயே படுத்துடலாமே' என்று தோன்றும். ஆனால், கைடு சுமார் 3,960 மீட்டரில் இருக்கும் பாரான்கோ கேம்ப்புக்கு உங்களைக் கீழே இறக்கிவிடுவார். முந்தைய நாள் தூங்கிய இடத்தைவிட அது நூறு நூற்றைம்பது மீட்டர்தான் அதிகம். நாள் முழுக்க நடந்து, கணக்குப்படி பார்த்தால் எங்கேயும் போகவில்லை! 'உயரே ஏறு, தாழ்வாகத் தூங்கு' என்ற டெக்னிக் இதுதான். மதியம் உடம்புக்கு 'மேலே இப்படித்தான் இருக்கும்' என்று ஒரு டிரெய்லர் காட்டிவிட்டு, ராத்திரி ஆக்சிஜன் அதிகமுள்ள இடத்தில் ரிப்பேர் வேலையை முடிக்கச் சொல்கிறோம். இறங்கும் வழியில், முட்டைக்கோஸைத் தூணில் செருகி வைத்த மாதிரி ராட்சத செனீசியோ மரங்கள் நிற்கும். இந்த மலையை விட்டால் வேறெங்கும் இந்த இனத்தைப் பார்க்க முடியாது.

நான்காவது நாள் பாரான்கோ சுவர். பெயர்தான் பயமுறுத்தும். கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைச் சரிவு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் சுமார் 4,000 மீட்டரில் கரங்கா கேம்ப். ஸ்வாஹிலியில் 'கரங்கா' என்றால் வேர்க்கடலை.

ஆறு நாள் பேக்கேஜுக்கும் ஏழு நாள் பேக்கேஜுக்கும் உள்ள வித்தியாசம் இந்த வேர்க்கடலை கேம்ப்தான். ஆறு நாள்காரர்கள் கரங்காவில் தங்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அன்றைக்கே சுமார் 4,670 மீட்டரில் இருக்கும் பராஃபு கேம்ப்புக்கு நடந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு நாள்காரர்கள் கரங்காவில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, மறுநாள் மூன்று நான்கு மணி நேரம் நடந்து பராஃபு போய், மதியமே படுத்துவிடலாம். உடம்புக்கு இன்னொரு ராத்திரி, காலுக்கு அரை நாள் ஓய்வு. நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் இதற்குத்தான்.

இத்தனைக்கும் ஏழு நாள்கூட அந்த 500 மீட்டர் அறிவுரைக்குள் அடங்காது. லெமோஷோ பாதையில் எட்டு நாள் எடுப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சௌகரியம்.

நள்ளிரவு நடை

'பராஃபு' என்றால் பனிக்கட்டி. இந்தி 'பரஃப்' காதில் விழுகிறதா? இரண்டுமே பாரசீகத்திலிருந்து வந்தவை. மலையில் டீக்கும் 'சாய்'தான், தைரியமாகக் கேட்கலாம்.

உச்சிக்குப் புறப்படுவது ராத்திரி 11, 12 மணி வாக்கில். மைனஸ் 10, சில நாள் மைனஸ் 20 டிகிரி வரை குளிர். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் ஷூ மட்டும் தெரியும். இங்கேதான் 'போலே போலே'க்கு முழு அர்த்தம். ஸ்வாஹிலியில் 'மெதுவா, மெதுவா' என்று பொருள். (ஒரே ஒரு 'போலே' சொன்னால் 'அடடா, பாவம்' என்று அர்த்தம். ராத்திரி மூணு மணிக்கு ரெண்டுமே பொருந்தும்!) கைடு வைக்கும் அடி, நம்ம ஊர் கல்யாண ஊர்வலத்தைவிட மெதுவாக இருக்கும். மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

ஸ்டெல்லா பாயின்ட் என்ற எரிமலை விளிம்பு 5,756 மீட்டர். பெரும்பாலும் விடியும் நேரத்தில் அங்கே வந்து சேர்வீர்கள். அங்கிருந்து உஹுரு சிகரத்துக்கு இன்னும் முக்கால் மணி, ஒரு மணி நேரம். 'உஹுரு' என்றால் விடுதலை. ஜெர்மன் ஆட்சியில் கெய்சர் பெயரில் இருந்த சிகரத்துக்கு, நாடு விடுதலை அடைந்தபோது சூட்டிய பெயர் இது. போகும் வழியில் பக்கவாட்டில் பனிச்சுவர்கள் தெரியும். 1912-ல் இருந்த பனிப்பரப்பில் 2007-க்குள் 85 சதவிகிதம் போய்விட்டது என்கிறது ஓர் ஆய்வு.

போன் விஷயம்: குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டோடு வைங்க. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழா வைங்க, அப்பதான் மூடிப் பக்கம் முதலில் உறையாது.

செல்ஃபி எடுத்த கையோடு இறக்கம். பராஃபுவில் கொஞ்சம் படுத்துவிட்டு, அன்றைக்கே சுமார் 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா கேம்ப் வரை. ஒரே நாளில் 2,800 மீட்டர் இறக்கம், முட்டி பேசும். வாக்கிங் ஸ்டிக் ரெண்டு வாடகைக்காவது எடுத்துக்கோங்க.

கைடு 'போதும்'னு சொன்னா..?

தினமும் சாயங்காலம் கைடு டென்ட்டுக்கு வந்து ஆக்ஸிமீட்டர் மாட்டுவார். தலைவலி, குமட்டல், அசதி, தலைசுற்றல் ஆகிய நான்கையும் பற்றிக் கேட்பார். பல கைடுகள் 'லேக் லூயிஸ் ஸ்கோர்' என்ற அளவுகோலை வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடுவார்கள். நாம் செய்யும் பெரிய தப்பு, இங்கே பொய் சொல்வதுதான். லட்சக்கணக்கில் செலவு பண்ணியாச்சு, திருப்பி அனுப்பிடுவாரோ என்ற பயம். லேசான தலைவலியோடு பலர் மேலே போயிருக்கிறார்கள். அதைச் சொன்னால் கைடு கவனித்துக்கொள்வார். மறைத்தால் கவனிக்க முடியாது.

இரண்டு விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று, குடித்தவர் மாதிரி தள்ளாடுவது, பேச்சு குழறுவது. மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். குதிகாலும் விரலும் ஒட்ட, நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இன்னொன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல். இது நுரையீரலில் நீர். இரண்டுக்கும் முதல் மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். ராத்திரியானாலும் சரி, உச்சி இருநூறு மீட்டர்தான் என்றாலும் சரி. ஒவ்வொரு வருடமும் இந்த மலையில் உயிர்கள் போகின்றன. அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) மாத்திரை உடம்பு பழக உதவும். ஆனால், அது நாள்களுக்கு மாற்று இல்லை. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் உட்பட எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

விலை குறைந்தால் யார் தோளில் ஏறும்?

பூங்காக் கட்டணம், கேம்ப் கட்டணம் எல்லாம் நாள் கணக்கு. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். ஒழுங்கான ஏழு நாள் பேக்கேஜ் 2,000 டாலரைத் தாண்டுவது அதனால்தான். ரொம்ப மலிவாக ஒருவர் தருகிறார் என்றால், ஒன்று நாளைக் குறைத்திருப்பார். இல்லையென்றால், போர்ட்டர்களின் கூலியில் கை வைத்திருப்பார்.

ஒரு ஆள் மலை ஏற, கைடு, சமையல்காரர், போர்ட்டர்கள் என மூன்று நான்கு பேர் கூடவே ஏறுகிறார்கள். டென்ட், கேஸ் சிலிண்டர், அரிசி, முட்டை, நம்ம டஃபிள் பேக் எல்லாம் அவர்கள் தலையிலும் தோளிலும்தான். கரங்காவைத் தாண்டினால் தண்ணீர் கிடைக்காது. பராஃபுவில் நாம் குடிக்கும் ஒவ்வொரு கப் சாயும் கீழேயிருந்து ஒருவர் சுமந்து வந்த தண்ணீர். ஒரு போர்ட்டருக்கு 20 கிலோதான் உச்ச வரம்பு, கேட்டில் எடை போடுவார்கள். மோசமான கம்பெனிகளில் சாப்பாடும் குறைவு, குளிருக்கு உடுப்பும் இல்லை. 'கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட்' என்ற அமைப்பு, போர்ட்டர்களுக்கு இலவசமாக உடுப்பு இரவல் தருகிறது, அவர்களை ஒழுங்காக நடத்தும் கம்பெனிகளின் பட்டியலையும் வைத்திருக்கிறது. புக் பண்ணும் முன் அதில் ஒரு பார்வை பாருங்க. கூடவே, போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவுன்னு கம்பெனிகிட்ட நேரா கேளுங்க. மழுப்பினா அடுத்த நம்பருக்குப் போயிடலாம்.

இன்ஷூரன்ஸில் உயர வரம்பைப் படிக்காமல் கையெழுத்து போடாதீங்க. 6,000 மீட்டர் வரை கவர் ஆகணும். சீசன் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, பிறகு ஜூன் முதல் அக்டோபர் வரை. ஏப்ரல், மே பெருமழைக் காலம், ஆஃபர் விலை பார்த்து ஏமாற வேண்டாம்.

டிப்ஸுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்கணும், அது அங்கே எழுதாத சட்டம். மொத்தத்தையும் ஒருவர் கையில் திணிக்காமல், எல்லோரும் கூடி நிற்கும்போது யாருக்கு எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிக் கொடுப்பது நல்லது. அந்த லிஸ்ட்டை கடைசி ராத்திரி ம்வேகா கேம்ப்பிலேயே எழுதி வெச்சுடுங்க. கேட்டுக்கு வந்துட்டா, ஏழு நாளா குளிக்காத ஆளுக்கு வெந்நீரைத் தவிர வேற எதுவும் ஞாபகத்துக்கு வராது.