நெல்லும் நெற்சப்பியும்: வயலில் நிகழும் போட்டி

ஒரே நிலத்தில் வளரும் தாவரங்கள் யாவும் ஒளி, நீர், போசணை ஆகிய மூன்றையும் பங்கிட்டே வாழ்கின்றன. இவை அளவுக்குட்பட்டவையாதலால், ஒன்று மிகுதியாகப் பெறின் மற்றையதற்குக் குறைவுண்டாகும். கமக்காரர் விலைகொடுத்து வாங்கி இடும் பசளையும் இப்பங்கீட்டிற்கு உட்பட்டதே. களை மலிந்த வயலில் இடும் பசளை நெல்லைவிடக் களையையே கூடுதலாக வளர்க்கும்.

நெற்சப்பி வலிமை பெறுவது எவ்வாறு?

இயல்பில் ஒத்த தாவரங்களிடையே போட்டி மிகக் கடுமையானது. நெற்சப்பி நெல்லைப் போன்றே புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லுடன் முளைத்து, அதே ஆழத்தில் வேரோடி, அதே போசணையைத் தேடுகிறது. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவதும் எளிதன்று.

நெற்சப்பியின் இலை காபனீரொட்சைட்டைத் தன்னுள்ளே செறியச்செய்யும் அமைப்புடையது. நெல்லுக்கு இவ்வமைப்பு இல்லை. ஆகவே, கடும் வெயிலிலும் வெப்பத்திலும் நெற்சப்பி குறைந்த நீரையும் குறைந்த நைதரசனையும் கொண்டு நெல்லிலும் விரைவாக வளர்ந்து, அதற்கு மேலே உயர்ந்து நிழல் செய்கிறது. 1966 ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்ட ஐ. ஆர். 8 முதலான குட்டை நெல்லினங்கள் மிகுந்த விளைவு தருவன; எனினும் உயர்ந்த பழைய இனங்களைப் போலக் களைக்கு நிழல் செய்வன அல்ல.

இழந்த காலம் மீளாது

நெல்லின் வாழ்நாளில் ஏறத்தாழ முதல் மூன்றிலொரு பங்கே இப்போட்டியின் முடிவை நிர்ணயிக்கும் காலமாகும். மூன்றரை மாத நெல்லுக்கு இது முதல் 35 நாட்கள் எனலாம். மட்டங்கள் வெடிப்பது இக்காலத்திலேயாம். அப்போது ஒளியும் நைதரசனும் குறைந்தால் மட்டங்கள் குறையும். மட்டங்கள் குறைந்தால் கதிர்களும் குறையும். கதிர் வெளிவரும் வேளையில் களை பிடுங்குவதால் வயல் துப்புரவாகத் தோன்றும். இழந்த மட்டங்களோ திரும்பி வரமாட்டா.

நெல்லுக்குத் துணைசெய்யும் வழிகள்

1. நிலத்தை நன்கு மட்டப்படுத்துக. மேட்டுத் திட்டுகளில் நீர் நில்லாது. நெற்சப்பி முதலில் முளைப்பதும் அங்கேயே.

2. நெல் நிலைகொண்டபின் சுமார் 2 அங்குல நீரை இடைவிடாது தேக்கி வைத்திருக்க. நீரின் கீழுள்ள சேற்றில் காற்று குறைவாதலால் நெற்சப்பி விதைகளுட் பல முளையா. நீருக்கு மேலே எழுந்துவிட்ட புல்லை நீர் தடுக்காது.

3. இயன்றவிடத்து நாற்று நடுக. நடப்படும் நாற்று, முளைக்கவிருக்கும் களையிலும் இரண்டு மூன்று வாரம் மூத்தது.

4. களை பிடுங்கியபின்னரே மேற்பசளை இடுக.

5. இலையும் மடலும் கூடுமிடத்தை நோக்குக. நெல்லில் அங்கே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. நெற்சப்பியில் அது இல்லை.

6. எஞ்சிய நெற்சப்பியை விதை முற்றுமுன் அகற்றுக. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைத் தரவல்லது. அவை நெல் அறுவடைக்கு முன்னரே உதிர்ந்து, மண்ணிற் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்.

7. களைநாசினி ஒன்றையே போகந்தோறும் நம்பியிராதீர்கள். அவ்வாறு தெளித்த வயல்களில், அந்நாசினிக்கு அழியாத நெற்சப்பி இலங்கையிலும் தோன்றியுள்ளது.

மரக்கறித் தோட்டங்களில்

இதே போட்டி தோட்டத்திலும் நிகழ்கிறது. வெங்காயத்தின் இலை ஒடுங்கி நிமிர்ந்து நிற்பதால் நிலத்துக்கு நிழல் தருவதில்லை. ஆகவே களையால் அது பெரிதும் நலிவுறும். பூசணியோ நிலத்தை மூடிப் படர்ந்தபின் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கோரை கிழங்குகளாற் பெருகுவது. மண்வெட்டியால் மேலே செதுக்கினால், கீழுள்ள கிழங்குகள் மீண்டும் முளைக்கும். வறண்ட காலத்தில் ஆழக் கொத்திக் கிழங்குகளை வெயிலிற் காயவிட்டால் அவை மடியும். நிழலில் கோரை தளருமாதலால், அடுத்த பயிர் விரைவில் இலை பரப்புவதாயிருத்தல் நன்று.

களை முற்றாக ஒழிந்த நிலம் எங்கும் இல்லை. முதல் ஐந்து வாரங்களில் பயிரை முந்தச் செய்தால், பின்னர் அதன் நிழலே களையை அடக்கும். இட்ட பசளையின் பெரும் பகுதியும் நெல்லையே சேரும்.