பாவுகல்லுக்கு அடியில் வெயில்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளில், செட்வொர்த் என்ற ஊருக்கு அருகே 1864இல் ஒரு ரோமானிய மாளிகை மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அதில் சில அறைகளின் தரை குட்டைத் தூண்களின்மேல் நிற்கிறது. வெளியே அடுப்பில் எரித்த விறகின் சூடு அந்தத் தூண்களுக்கிடையே புகுந்து, தரையைச் சூடாக்கிவிட்டுச் சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியே மேலேறிப் போகும். ரோமானியர் போன பிறகு அந்த வித்தையும் போயிற்று. நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஊர்க்காரர்கள் கணப்படுப்பின் முன் குந்தியே குளிர்காலத்தைக் கழித்தார்கள். இப்போது அதே குன்றுகளில் முந்நூறு வயதுக் கல்வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் மறுபடியும் தரைக்கடியில் சூட்டைத் தேடுகிறார்கள்.

தேடுவதில் நியாயம் இருக்கிறது. சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் சிறியது. அதனால் 60, 70 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஓடினால்தான் அறை சூடாகும். சூடான காற்றோ நேரே கூரைக்குப் போய்விடும், கால் ஜில்லென்றே இருக்கும். தரை முழுவதையும் சூடாக்கினால் பரப்பு பெரிது. குழாயில் 35, 40 டிகிரித் தண்ணீரே போதும். ஆட்கள் நடமாடும் இடத்தில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. அறை 20 டிகிரியில் இருக்கும்போது அப்படிப்பட்ட தரை சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கொடுக்கும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே வீடு எவ்வளவு சூட்டைச் சுவரிலும் கூரையிலும் இழக்கிறது என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பலர் குழாயை வாங்கிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கல்வீடுகளின் தரை வெறும் மண்மேல் பரப்பிய பாவுகல். மண்ணின் ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவந்து, கல் இடுக்குகள் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. கல்லைப் பெயர்த்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, கான்கிரீட் கொட்டினால் தரை காய்ந்துவிடும். ஆனால் ஈரத்துக்கு வேறு வழி சுவர்தான் என்றாகிவிடும்; சுவரின் அடி பொரிந்து உதிரத் தொடங்கும் என்று பழங்கட்டடம் அறிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். அவர்கள் பரிந்துரைப்பது சுண்ணாம்புக் கான்கிரீட். கீழே, பழைய பாட்டில் கண்ணாடியை உருக்கி நுரைக்கவைத்துச் செய்த ஜல்லி. அந்த ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை என்பதால் ஈரம் திரிபோல ஏற முடியாது; உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் சூடும் கீழே இறங்காது. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட், குழாய், கடைசியில் எண் போட்டு எடுத்துவைத்த அதே பாவுகற்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் என்று பெரிதாக எதுவும் இராது. தரையை ஆழமாகத் தோண்டினால் சுவரே அந்தரத்தில் நிற்கும். காட்ஸ்வோல்ட்ஸில் பல வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாகப் பட்டியலில் இருப்பதால், கல்லில் கைவைக்கும் முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

இனி வயரிங். 1960களுக்கு முன் இழுத்த கம்பியின் ரப்பர் உறை, தொட்டாலே பொடியாக உதிரும். சில வீடுகளில் வட்டக்கால் பிளக் பாயின்ட்டுகள் இன்னும் சுவரில் இருக்கும். 1947இல் சதுரக்கால் பிளக் வந்தபின் பிரிட்டன் மெல்லக் கைவிட்ட அந்த வட்டக்கால் வம்சம்தான் நம் வீட்டுச் சுவிட்ச் போர்டில் இன்றும் செழிப்பாக வாழ்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதது எர்த். அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைக் கட்டிவிடுவது வழக்கம். பிறகு யாராவது அந்தக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டிருப்பார்கள். தண்ணீர் ஒழுங்காக வரும், எர்த் போயிருக்கும்.

குளிருக்காகப் போடும் காப்பும் கம்பிக்குப் பகையாகலாம். பிரிட்டிஷ் வயரிங் விதியின்படி, சுவரில் வெளியே அடித்த 2.5 சதுர மி.மீ. கேபிள் 27 ஆம்பியர் தாங்கும். அதையே காப்புப் பொருளுக்குள் முழுக்கப் புதைத்தால் 13.5 ஆம்பியர்தான். கம்பிக்கும் வேர்க்கும், விசிற வழியில்லை. தெர்மாகோல் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கல்: உறைக்கு நெகிழ்வு தரும் பொருளைத் தெர்மாகோல் மெல்ல உறிஞ்சிவிடும், உறை விறைத்துப்போகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தண்ணீர்க் குழாய்க்குப் பதில் மின்கம்பி பின்னிய பாயையே தரை முழுக்க விரித்துவிடலாமே என்று தோன்றும். சதுர மீட்டருக்கு 150 வாட் பாய், 20 சதுர மீட்டர் அறை: 3,000 வாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 65 ஆம்பியர். பழைய கிராமத்து வீட்டின் மெயின் ஃபியூஸே பல சமயம் 60 ஆம்பியர்தான். இதில் சமையல், வெந்நீர், விளக்கு எதுவும் சேரவில்லை. பாயில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் சூடுதான் தரும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப்போ, தண்ணீர் 35 டிகிரி போதும் என்றால், மூன்று யூனிட்டுக்குமேல் தரும்.

வீடு முழுமைக்கும் வெந்நீர்க் குழாய், குளியலறைக்கு மட்டும் மின்பாய் என்பதே என் கட்சி. பாய் போடுகிறவர்கள், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.டி. வழியாகத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்ததும் ஒருமுறை, கல் பதித்ததும் ஒருமுறை பாயின் மின்தடையை மீட்டர் வைத்து அளந்து எழுதிவையுங்கள். 3,000 வாட் பாய்க்குச் சுமார் 17.6 ஓம் வர வேண்டும். கொத்தனாரின் கரண்டி எங்கே பட்டதென்று கல்லைப் பெயர்த்த பிறகுதான் தெரியும். பட்டதா இல்லையா என்பதை மீட்டர் அன்றைக்கே சொல்லிவிடும்.