எண்ணெய் ஏறிய பிறகே எஞ்சின் ஓடட்டும்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் தேர் ஆண்டு முழுவதும் நிலையில் நின்று, வைகாசியில் வீதிக்கு வருகிறது. நெடுநாள் நின்ற தேரின் அச்சுக்கு மசகு இடாமல் வடம் பிடித்தால் என்ன ஆகும்? அச்சும் சக்கரமும் நேருக்கு நேர் உரசித் தேயும் அல்லவா? உங்கள் வீட்டில் பல மாதங்களாக நிற்கும் பழைய அம்பாசிடர் காருக்கும் இதே நியாயம்தான்.

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட கார் இது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 1489 கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு, பேரிங் எனப்படும் தாங்கிகளில் சுழல்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சுழலும் தண்டு அங்குள்ள எண்ணெயை இழுத்துக் குறுகிய பக்கத்தில் நெருக்குகிறது. நெருக்குண்ட எண்ணெய் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

கார் மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தொட்டியை அடைகிறது. எண்ணெய் வழிகளில் காற்று புகுகிறது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்கலாம். ஆனால் பம்பு காற்றைத் தள்ளிவிட்டு எண்ணெயை மேலேற்றச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பெட்ரோல் எரியும் ஒவ்வொரு அடியும் வறண்ட தாங்கியின் மேல் விழுந்து, அதன் மென்மையான பரப்பைக் கீறிவிடும்.

இதைத் தவிர்ப்பது எப்படி? சில அமெரிக்க எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு எண்ணெய்ப் பம்பை மட்டும் தனியே சுழற்றலாம். அம்பாசிடரில் பம்பை இயக்குவது உள்ளே இருக்கும் கேம் தண்டு. ஆகவே எஞ்சினையே சுழற்ற வேண்டும். ஆனால் எரிய விடக்கூடாது.

முதலில் பழைய எண்ணெயை மாற்றுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விடுங்கள். பொறி எழாதபடி காயிலுக்கு மின்சாரம் வரும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பிளக் துளைகளில் பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் இது மிக அவசியம். பிறகு ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி இயக்கி, சற்று ஓய்வு கொடுத்து, மீண்டும் இயக்குங்கள். பிளக் இல்லாததால் உள்ளே காற்று அழுந்துவதில்லை. எனவே தாங்கிகளின் மேல் பளுவும் குறைவு.

எண்ணெய் அழுத்தமானியின் முள் ஏறுகிறதா, அல்லது சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். சில முறை இயக்கியும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். முள் ஏறிவிட்டால் எண்ணெய் தாங்கிகளை அடைந்துவிட்டது என்று பொருள். இனி பிளக்குகளை மாட்டிக் காரை இயக்கலாம்.

நாள்தோறும் ஓடும் காருக்கு இது தேவையில்லை. நெடுநாள் நின்ற காருக்கோ, இந்த அரைமணி நேர வேலை எஞ்சினைப் பிரித்துத் தாங்கிகளை மாற்றும் பெருஞ்செலவைத் தவிர்த்துவிடும்.