எந்த ஆற்காடு?

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் சொந்த மாவட்டம் எது? வட ஆற்காடு என்பார் சிலர். சித்தூர் என்பார் வேறு சிலர். திருவள்ளூர் என்பது இன்றைய விடை. மூன்றும் ஒரே ஊரைத்தான் சுட்டுகின்றன. எனினும், அவர் பிறந்தபோது வழக்கில் இருந்தது முதலாவது மட்டுமே.

குழப்பத்தின் வேர் ‘ஆற்காடு’ என்னும் பெயரில் இருக்கிறது. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதியைக் கைக்கொண்ட கம்பெனி, பின்னர் அமைத்த இரு மாவட்டங்களுக்கும் நவாபின் தலைநகர்ப் பெயரையே சூட்டியது. தென் ஆற்காட்டின் தலைமையிடம் கடலூர். வட ஆற்காட்டு ஆட்சியரோ 1911 வரை அமர்ந்திருந்தது சித்தூரில்! 1856இல் இராயபுரத்திலிருந்து ‘ஆற்காட்டுக்கு’ ஓடிய ரயில் நின்ற இடம், பாலாற்றின் வடபுறமுள்ள இன்றைய வாலாஜா ரோடு. ஆற்காடு நகரமோ தென்கரையில் இருக்கிறது. ஆற்காடு இளவரசர் வாழ்வது சென்னை இராயப்பேட்டையில். சமய நிறுவனங்களிலும் இதே கதைதான்: டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை கடலூர்ப் பக்கம் வேரூன்றியது, அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூர்ப் பக்கம். இரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆய்வாளர்கள் இன்றும் உண்டு.

பெயர் மாற்றம் ஏட்டோடு நின்றிருந்தால் கவலையில்லை. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணி அதற்குள் போயிற்று. அன்று அது வெறும் நிர்வாக வசதி. ஆனால், 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுமையாக அங்கே சென்றது. வருவாய்த் துறை வரைந்த கோடு மாநில எல்லையாக மாறியது. ம.பொ.சி. தலைமையிலான போராட்டமும் பட்டாஸ்கர் பரிந்துரையும் தேவைப்பட்டன. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அப்போதும் வட ஆற்காட்டுக்கு அன்று, செங்கற்பட்டு மாவட்டத்துக்கு. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் வந்தது.

எனவே, திருத்தணியில் பூர்விகம் தேடுவோர் பத்திரத்தில் ஊர்ப் பெயருக்கு முன் ஆண்டைப் பார்ப்பது நல்லது. 1911க்கு முந்தைய விவரங்களுக்குச் சித்தூர் மாவட்ட நூல்களைப் புரட்டிப் பயனில்லை. 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைத்தான் எடுக்க வேண்டும்.