அலைக்கு வேண்டாத கையொப்பம்

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத் துறையில் எழுந்த பெரும் புயலிலே தன் நடுப் பாய்மரத்தை வெட்டியெறிந்து தப்பிய ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கம்பனிக் கப்பல், அச்சேதத்தைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை நாடி வந்ததும், கரையிறங்கிய தலைவரும் அவர் மகன் ரொபட் நொக்ஸும் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டதும், மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பியோடி அவ்வனுபவத்தை 1681இல் இலண்டனில் நூலாக வெளியிட்டதும் சரித்திரம் படித்தோர் அறிந்த விஷயம். நொக்ஸின் சிறைவாசத்தைப் பேசுவோர் அந்தப் புயலைப் பேசுவதில்லை. ஆந்திரக் கரையில் வீசிய காற்றும் இலண்டன் வர்த்தகரின் இலாபக் கணக்கும் இங்கே சந்தித்துக்கொண்டன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகமயமாதல் என்று நாம் இன்று பெரிய பெயரிட்டு அழைப்பது இந்தக் குடாவுக்குப் புதிய விருந்தாளி அன்று.

அந்தக் குடாவுக்குத் தெற்கே, மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் இடம்வரை, வயலும் களப்பும் மணற்கரையுமாகக் கிடக்கும் பூமியே ஈச்சிலம்பற்று. நெல்லும் மீனும் இங்குள்ள ஜனங்களின் ஜீவனம். வெருகல் சித்திரவேலாயுதர் அவர்களுடைய தெய்வம். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வல்லரசுகள் அளந்துகொண்டிருந்த காலமெல்லாம், அதே மாவட்டத்திலுள்ள இந்தப் பற்றுக்கு வர விரும்பியவர், ‘பாதை’ என்று இப்பக்கம் சொல்லப்படும் மிதவைகளில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் கழியும் கடக்க வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்து சுமார் பதினைந்து நிமிஷங்களில் ஹவாய்த் தீவுகளிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் பூகம்பத்தைப் பற்றிய அறிவித்தலை வெளியிட்டுவிட்டது; பசுபிக் தேசங்களுக்கு ஆபத்தில்லை என்பது அதன் சாரம். இந்து சமுத்திரத்திற்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை. ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைய இரண்டு மணித்தியாலம் அளவில் அவகாசமிருந்தும், செய்தி உலகைச் சுற்றியதேயன்றி இப்பற்றிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரத்து வாடிகளுக்கு வந்து சேரவில்லை. இலங்கை முழுவதிலும் மாண்டோர் 30,000க்கும் மேற்பட்டோர்.

அதன் பின் வந்தது பணம். மனித சரித்திரத்தில் முன் கண்டிராத அளவில், பெயர் தெரியாத தேசத்துப் பள்ளிப் பிள்ளைகளின் உண்டியற் காசும் அதில் சேர்ந்திருந்தது. அந்தக் கருணையை நான் இகழேன். ஆயினும் ஈச்சிலம்பற்று அன்று விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால், கொழும்புக்கு வந்த உதவி இங்கே வர யாருடைய கை எந்தத் தாளில் ஒப்பமிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஆறு மாத இழுபறிக்குப் பின், 2005 ஜூன் 24ஆந் திகதி, அரசும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு ஒன்றை ஏற்றுக் கையொப்பமிட்டனர். அதை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி முன்பே ஆட்சியை விட்டு விலகியிருந்தது. ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டமைப்பின் முக்கிய அங்கங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அலைக்கு எவருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை. நிவாரணத்திற்கு அத்தனையும் தேவைப்பட்டன. கரையோரத்தில் வீடு கட்டத் தகாத வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் முதலில் விதித்தபோது, கரைவலை இழுப்பவன் வலையையும் தோணியையும் விட்டு எவ்வளவு தூரம் உறங்கப் போவது என்று கேட்டறிந்தவர்கள் அந்த விதியை எழுதியவர்களுள் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருஷமே, அயலிலுள்ள மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கி யுத்தம் மீண்டது. ஆழிப்பேரலைக்குப் பிந்திய மீட்புப் பணிக்கென மூதூரில் இருந்த பிரெஞ்சு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் 2006 ஆகஸ்டில் அங்கேயே கொல்லப்பட்டனர். ஈச்சிலம்பற்று மக்களோ வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினர். அலையில் ஒருமுறை இழந்தவர்கள் மறுமுறையும் இழந்தனர். அயலிலுள்ள சம்பூரில், மக்கள் வெளியேறிக் கிடந்த மண்ணிலே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இந்திய நிறுவனத்தோடு பேச்சு நடந்தது; ஊரார் திரும்பத் தொடங்க 2015 ஆயிற்று, திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. வெறுமையாக்கப்பட்ட நிலம் மூலதனத்தின் கண்ணுக்குக் காலி நிலமாகவே தோன்றும் போலும்.

நன்மையையும் சொல்லவேண்டும். சவூதி உதவியில் 2009இல் கிண்ணியாப் பாலம் எழுந்தது. பிரெஞ்சு உதவியில் வெருகல் உட்பட ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்து மிதவைகள் ஓய்ந்தன. கர்ப்பிணியொருத்தியை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதைக்காரனை எழுப்பிக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும் உலகச் சந்தை தரும் இடர் புயலைப் போல் ஓசையிட்டு வருவதில்லை. அந்நியச் சந்தைகளில் விற்ற பத்திரங்கள் உட்பட்ட வெளிக்கடனைச் செலுத்த முடியாதென்று தேசம் 2022 ஏப்ரலில் அறிவித்தது. உக்ரைன் யுத்தத்தால் எண்ணெய் விலை ஏறியிருந்த வேளை அது. ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. ஃபைபர் படகின் வெளியிணைப்பு இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெயையே. ஒரு நாள் தொழிலுக்கு இருபது லீற்றர் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், முன்பு 1,740 ரூபாவில் முடிந்தது 6,800 ரூபாவாகும். பட்ட மீனுக்கு அந்த விகிதத்தில் விலை ஏறுமா? எந்த அலையும் அடியாமலே படகுகள் மணலில் ஏறி நின்றன. அலைக்குப் பின் படகும் இயந்திரமும் தானமாகக் கொடுத்த உலகம், அந்த இயந்திரத்துக்கு வார்க்கும் எண்ணெயின் விலையையும் தன் கையிலேயே வைத்திருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையை மலைநாட்டிலிருந்து மகாவலி சுமந்துவந்தபோது, மாவிலாற்றின் வெள்ளத்தடுப்பு அணை உடைந்து மூதூரும் வெருகலும் நீரில் மூழ்கின. வெளிநாட்டு உதவிகள் மறுபடியும் வந்தன, நல்லதே. அந்தப் பணம் பங்கிடப்படும்போது முதலில் செய்யத் தக்கது, என் மதிப்பில், படகு வழங்குவதன்று. உடைந்த அணையைக் காப்பது எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு, மேலே நீர் திறக்கப்பட்டால் எத்தனை மணித்தியாலத்துக்கு முன் எந்தக் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லப்படும், வந்த உதவி எவ்வளவு, எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு என்பவற்றையெல்லாம் தெளிவான தமிழில் எழுதி ஈச்சிலம்பற்றுக்குரிய வெருகல் பிரதேச செயலகத்தின் வாசலில் ஒட்டிவைப்பதே அது.