பாட்டுக்கு ஏன் இரண்டாவது வீடு?

நெடுந்தீவில் ஹார்ட் டிஸ்க் செத்தால், அதிலுள்ளதை மீட்டுத் தருபவரைத் தேடிக் கடல் தாண்டவேண்டும். உப்புக்காற்று வேறு மின்சுற்றை மெல்ல அரிக்கும். கசெற்றிலிருந்து மாற்றிய திருவிழா நாதஸ்வரமும் தவிலும் ஒரே டிஸ்கில் கிடப்பது நல்லதல்ல. வேறு பிரதி இல்லாதவற்றின் கதியை 1981இல் யாழ். நூலகம் எரிந்தபோதே பார்த்துவிட்டோம்.

இரண்டாவது பிரதியை வைக்க, மூலையில் தூசி பிடித்த பழைய கணினி போதும். லினக்ஸ் போட்டு வீட்டு ரவுட்டரில் இணைத்தால் அதுவே சேவையகம்.

ஒவ்வொரு முறையும் எல்லாப் பாட்டையும் அனுப்ப வேண்டுமா? வேண்டாம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெராஸும் எழுதி 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்ற மென்பொருள், கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் ஒப்பிடும். இரண்டும் ஒத்தால் தொடாது. மாறியிருந்தால், சேவையகம் தன் பழைய பிரதியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு அனுப்பும். மற்றக் கணினி தன் கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து அந்த எண்களைத் தேடும். எம்பி3யின் தொடக்கத்தில் வித்துவானின் பெயரைச் சேர்த்ததால் இசை முழுவதும் சில பைட்டுகள் தள்ளிப்போயிருந்தாலும், பொருந்தும் துண்டுகள் அகப்பட்டுவிடும். புதிதாக வந்த பகுதி மட்டுமே பயணிக்கும். கெட்டிக்கார வேலைதான்!

ஆர்சிங்கில் 'டிலீட்' தெரிவைச் சேர்த்தால் மட்டும் கவனம்: இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். முதலில் 'ட்ரை ரன்' என்ற ஒத்திகையை ஓட்டி, அழியப்போகும் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். மூன்றாவது பிரதியொன்றைக் கொழும்பிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.