டீசலா, பெட்ரோலா? போகிற பாதையைப் பாருங்கள்

எங்கள் பக்கம் யாராவது கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், ஊரே ஒரே பதிலைச் சொல்லும்: "டீசல் வண்டியா பாருங்க. பெட்ரோல் வண்டி இழுக்காதுங்க." இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்தால், அடுத்து வாங்கும் வண்டிக்கு அது பொருந்துமா என்பது விளங்கிவிடும்.

நம்மில் பலர் முதலில் ஓட்டிப் பழகியது டிராக்டர். குறைந்த வேகத்திலேயே முழு இழுவை தரும் டீசல் எஞ்சின் அது. அந்தப் பழக்கத்தில் இருக்கும் கால், காரிலும் சீக்கிரமே கியரை மாற்றிவிடும். டீசல் கார் அதற்கு ஒத்துப்போகும். பெட்ரோல் கார் திணறும். ஒரே மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் 2000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை தந்தது. அதே காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்றுக்குப் போனாலும் 115-ஐத் தாண்டவில்லை. பெட்ரோல் வண்டியைச் சுற்று ஏற்றி ஓட்ட வேண்டும். டிராக்டர் ஓட்டிய காதுக்கு அந்தச் சத்தம் 'எஞ்சின் கஷ்டப்படுது' என்று கேட்கும்!

எனக்கும் டீசல் பாசம் இப்படித்தான் வந்தது. வங்கி வேலையில் ஜீப்பில் கொல்லிமலைக்குக் கடன் ஆய்வுக்குப் போவோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஜீப் நிதானமாக ஏறும். பிறகு சென்னைக்கு மாற்றல். அங்கே மாருதி 800. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் அதிர்வில்லாத அந்தச் சின்னப் பெட்ரோல் எஞ்சின் சொர்க்கமாக இருந்தது. ஆள் ஒருவர்தான், பாதை மாறியது, பிடித்த எஞ்சினும் மாறியது.

டீசல் பாசத்துக்கு இன்னொரு வேர், விலை. 2012 நடுவில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது வித்தியாசம் பத்து ரூபாய்கூட இல்லை.

பழைய வங்கிக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? டீசல் கார் ஒரு லட்சம் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், டீசல் 22 கிலோமீட்டர். லிட்டர் விலை 101, 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு மிச்சம் ஏறக்குறைய 1 ரூபாய் 40 காசு. அந்த ஒரு லட்சம் திரும்பி வர ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒன்பது வருஷம். லட்ச ரூபாய்க்கான வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை.

காசைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடி, புகைக்குழாய் சூடானால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். நம் ஓட்டம் எப்படி? வீட்டிலிருந்து தோட்டம் 4 கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து உழவர் சந்தை 6 கிலோமீட்டர். இதே ஓட்டம் மட்டும் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், கடைசியில் ஒர்க்‌ஷாப் செலவு. அப்படிப்பட்டவருக்குப் பெட்ரோல்தான் தோது. மலைத் தோட்டம், வாரம் இரண்டு முறை வெளியூருக்குச் சுமையோடு பயணம் என்றால் டீசலை இன்றும் தயங்காமல் வாங்கலாம்.

மின்சார வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போதே முழு இழுவை. டிராக்டர் கால் உள்ளவருக்குச் சட்டென்று பிடித்துப்போகும். தினசரிக் குறுகிய ஓட்டமும் அதற்கு ஏற்றதுதான். தோட்டத்து வீட்டில் நிலையான மின்சாரம் இருக்கிறதா, ஒரு சார்ஜில் போய்வர முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை உங்கள் பாதைக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேரை ஏற்றி, டிக்கியில் இரண்டு மூட்டை வைத்து, தோட்டத்து மேட்டில் ஏற்றிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஒரு மாதம், தினமும் எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள் என்று டைரியில் குறியுங்கள். ஊர் சொல்லும் பதிலைவிட அந்த டைரி நல்ல பதில் சொல்லும்.